மோட்டார் இயக்கங்களில் மின் பழுது: காரணம் அறியும் முறை

நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது உருக்காலைகளும், அணைகளும், மின் நிலையங்களும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நிலையங்களில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வேலையாக மாற்றித் தரும் கருவி மோட்டாரே ஆகும். உலகில் பயன்படுத்தப்படும் மின்சாரத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் மோட்டார்கள் வழியாகவே செலவாகிறது என்று 2011-ஆம் ஆண்டில் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டது. தொழில் துறையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் இந்த விகிதம் இன்னும் அதிகமாகும். நூற்பாலையின் கதிர்கள், சிமெண்டு ஆலையின் அரவை இயந்திரம், நகராட்சியின் குடிநீர்ப் பம்பு, கிராமத்து அரிசி ஆலை ஆகிய அனைத்தும் இதனை நம்பியே இயங்குகின்றன.

மோட்டார் ஒன்று எரிந்துபோனால் பெரிய ஆலையில் மாற்று மோட்டார் இருக்கும். சிறு தொழிற்கூடத்தில் அது இராது. அங்கே எரிந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்குச் செல்கிறது. அது திரும்பி வரும் வரையில் உற்பத்தி நிற்கிறது. தினக்கூலித் தொழிலாளியின் வருவாயும் நிற்கிறது. புதுச் சுருள் கட்டிவந்த மோட்டார் சில வாரங்களில் மீண்டும் எரிந்துவிடுவதும் உண்டு. முதலாளி கடைக்காரரைக் குறைகூறுகிறார். கடைக்காரர் மின் வாரியத்தைக் குறைகூறுகிறார். எரிந்தது மாற்றப்பட்டதே தவிர, எரித்தது எது என்று எவரும் கண்டறியவில்லை என்பதே உண்மை. பழுதறிதல் என்பது இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை உணர்வதில் தொடங்குகிறது.

மோட்டார் இயங்கும் விதம்

இந்தியத் தொழிற்கூடங்களில் பெருவாரியாக உள்ளது மும்முனைத் தூண்டல் மோட்டார். நிகோலா டெஸ்லா 1888-இல் காப்புரிமை பெற்ற தத்துவமும், ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி 1889-இல் அமைத்த கூண்டுச் சுழலியும் இதற்கு அடிப்படை. வெளிப்புறத்தில் அசையாது நிற்கும் நிலையகத்தில் மூன்று தொகுதிச் சுருள்கள் உள்ளன. மும்முனை மின்சாரம் பாயும்போது அவை ஒரு சுழல் காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. நடுவிலுள்ள சுழலி அப்புலத்தைப் பின்தொடர்ந்து, அதைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் சுழல்கிறது. 50 சுழற்சி அதிர்வெண்ணில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப் புலம் நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும். முழுப் பளுவில் சுழலி ஏறக்குறைய 1,440 முறை சுழலும். இந்த வேறுபாடு நழுவல் எனப்படும்.

இவ்வமைப்பில் தேயக்கூடிய கரித்துண்டுகளோ, தொடர்பு வளையங்களோ இல்லை. அதனால்தான் இது உழைப்புக்குப் பெயர் பெற்றது. ஆனால் இதன் சமநிலை மூன்று முனைகளிலும் சமமான மின்சாரம் கிடைப்பதைச் சார்ந்தது. அச்சமநிலை குலையும்போதுதான் பெரும்பாலான மின் பழுதுகள் தோன்றுகின்றன.

1980-களில் அமெரிக்க மின் நிலையங்களில் மோட்டார் பழுதுகளைப் பற்றி நடத்தப்பட்ட விரிவான ஆய்வு ஒன்றில், பழுதுகளில் 41 சதவீதம் பேரிங்குகளிலும், 37 சதவீதம் நிலையகச் சுருள்களிலும், 10 சதவீதம் சுழலியிலும் தோன்றியதாகக் காணப்பட்டது. மின் பழுது எனத் தோன்றுவதில் கணிசமான பகுதி இயந்திரப் பழுதாக இருக்கக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம்.

முதலில் பாதுகாப்பு

பழுதறியும் பணியில் உயிரிழப்போர் பெரும்பாலும் அறியாதவர்கள் அல்லர், அவசரப்படுபவர்களே ஆவர். எனவே கீழ்க்கண்ட ஒழுங்கினை எக்காரணம் கொண்டும் தளர்த்தலாகாது.

1. மெயின் சுவிட்சைத் துண்டித்து, பூட்டி, சாவியைப் பணி செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். ‘வேலை நடக்கிறது’ என்னும் அட்டை மட்டும் போதாது.

2. மின்சாரம் இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதி செய்ய வேண்டும். அக்கருவி சரியாக உள்ளதா என்பதை முன்னரும் பின்னரும், மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

3. மின்னணு இயக்கிகளில் சுவிட்சைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் உயிர்க்கொல்லி மின்னழுத்தம் தங்கியிருக்கும். தயாரிப்பாளர் குறிப்பிடும் நேரம் வரை காத்திருந்து, அதன் பின்னரும் அளந்து பார்த்தே கை வைக்க வேண்டும்.

4. மோட்டாரின் உடற்பகுதிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் இருத்தல் வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இதனைக் கட்டாயமாக்கின. மத்திய மின்சார ஆணையம் 2010-இலும் பின்னர் 2023-இலும் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் எர்த் இணைப்பை வலியுறுத்துகின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும் என்பதே இதன் நோக்கம்.

கேட்டல், பார்த்தல், அளத்தல்

மருத்துவர் நோயாளியிடம் முதலில் வினாக்களைக் கேட்பதைப்போல, பழுதறிபவரும் இயந்திரத்தை இயக்கும் தொழிலாளியிடம் கேட்க வேண்டும். பழுது தொடக்கத்திலா, ஓட்டத்திலா, நிறுத்தும்போதா? சத்தம் மாறியதா? வாசனை வந்ததா? அண்மையில் மூலப்பொருள், வேகம், பெல்ட், வயரிங் ஆகியவற்றில் ஏதேனும் மாற்றப்பட்டதா? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் பல மணி நேரச் சோதனையை மிச்சப்படுத்தும்.

அடுத்து, கண்ணால் காண வேண்டியவை: நிறம் மாறிய முனையங்கள், தளர்ந்த திருகுகள், கருகிய காப்பு, தூசியால் அடைபட்ட காற்றுத் துளைகள், உடைந்த விசிறி. மோட்டாரின் பெயர்த் தகட்டையும் படிக்க வேண்டும். ஸ்டார், டெல்டா இணைப்புகளைத் தகட்டுடன் ஒப்பிடாமல் மாற்றி இணைத்துவிடுவது ரீவைண்டிங்கிற்குப் பின் அடிக்கடி நேரும் தவறாகும்.

இவற்றுக்குப் பின்னரே கருவிகளைக் கையில் எடுக்க வேண்டும். மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், மெக்கர் ஆகிய மூன்றும் இருந்தால் சாதாரண மோட்டாரின் மின் பழுதுகளில் பெரும்பாலானவற்றை இனம் காணலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதும், ஒவ்வோர் அளவையும் எழுதி வைப்பதும் இன்றியமையாதவை. இரண்டை ஒருங்கே மாற்றினால் இயந்திரம் ஓடத் தொடங்கலாம். ஆனால் காரணம் மறைந்துவிடும்.

மோட்டார் தொடங்கவில்லை எனில்

பொத்தானை அழுத்தியும் எவ்வித ஒலியும் எழவில்லையெனில், பழுது மோட்டாரில் இருப்பதற்கான வாய்ப்புக் குறைவு. மின்சாரம் வருகிறதா, பியூஸ் சரியாக உள்ளதா, ஓவர்லோடு ரிலே விடுபட்டுள்ளதா, நிறுத்தும் பொத்தானின் தொடர்பு சரியாக உள்ளதா, ஸ்டார்ட்டரின் காயிலுக்கு மின்னழுத்தம் கிடைக்கிறதா என வரிசையாகப் பார்த்தல் வேண்டும். கட்டுப்பாட்டுச் சுற்று ஒரு சங்கிலியைப் போன்றது. அதன் நடுவில் அளந்து பார்த்தால் பழுது முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது தெரிந்துவிடும். அந்தப் பாதியின் நடுவில் மீண்டும் அளந்தால் தேடுமிடம் மேலும் பாதியாகக் குறையும். இம்முறையில் பதினாறு இணைப்புகள் கொண்ட சுற்றில் நான்கு அளவைகளே போதுமானவை.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை எனில் உடனடியாக நிறுத்த வேண்டும். அந்நிலையில் முழுப் பளு மின்னோட்டத்தைப் போல் ஆறேழு மடங்கு மின்னோட்டம் சுருள்களில் பாயக்கூடும். காரணங்கள் மூன்று: ஒரு முனை அறுந்திருத்தல், பளு சிக்கியிருத்தல், மின்னழுத்தம் மிகக் குறைந்திருத்தல். முறுக்கு விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் முறுக்கு விசை 81 சதவீதமாகிவிடும். நீண்ட கம்பிப் பாதையின் கடைசியில் உள்ள தொழிற்கூடங்களில், காலையில் தொடங்கும் மோட்டார் மாலை வேளையில் தொடங்க மறுப்பதன் இரகசியம் இதுவே.

ஒரு முனை அறுதல் என்னும் பெருங்கேடு

மும்முனையில் ஒன்று அறுந்துபோதலே மோட்டார்களை எரிக்கும் காரணங்களில் முதன்மையானது எனலாம். ஒரு பியூஸ் போதல், ஸ்டார்ட்டரின் ஒரு தொடர்பு கருகுதல், ஒரு முனையம் தளர்தல், தெருமுனை டிரான்ஸ்பார்மரின் ஒரு பக்கத்து உருகி போதல் ஆகிய எதுவாயினும் விளைவு ஒன்றே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்பதில்லை. மீதியுள்ள இரு முனைகளிலிருந்தே முழு வேலைக்கான மின்சாரத்தையும் இழுத்து ஓடுகிறது. முழுப் பளுவில் அவ்விரு கம்பிகளிலும் மின்னோட்டம் ஏறக்குறைய 1.73 மடங்காகிறது.

15 கிலோவாட் திறனுள்ள 415 வோல்ட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதன் முழுப் பளு மின்னோட்டம் ஏறக்குறைய 27 ஆம்பியர். ஒரு முனை அறுந்தால் இது 47 ஆம்பியராக உயரும். சரியாக அமைக்கப்பட்ட ரிலே இதனைக் கண்டு விடுபட்டுவிடும். ஆனால் மோட்டார் ஏறக்குறைய அறுபது சதவீதப் பளுவில் ஓடிக்கொண்டிருந்தால், அறுந்த பின்னரும் கம்பியில் 27 ஆம்பியர் அளவே பாயும், ரிலே பேசாதிருக்கும். டெல்டா இணைப்பில் வழக்கமாக 27 ஆம்பியர் கம்பி மின்னோட்டத்துக்கு ஒவ்வொரு சுருளிலும் 15.6 ஆம்பியர் பாயும். இப்போதோ ஒரு சுருள் மட்டும் மூன்றில் இரு பங்கான 18 ஆம்பியரைத் தாங்க வேண்டியுள்ளது. வெளியே அளவு மீறாதபோதே உள்ளே ஒரு சுருள் மெல்ல வெந்து கருகுகிறது.

எரிந்த மோட்டாரே இதற்குச் சான்று கூறும். டெல்டா மோட்டாரில் ஒரு தொகுதிச் சுருள் மட்டும் கருகி, மற்ற இரண்டும் புதிதுபோல் இருக்கும். ஸ்டார் மோட்டாரில் இரண்டு கருகி, ஒன்று நலமாக இருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் காரணம் மிகைப்பளு, காற்றோட்டக் குறைவு அல்லது தொடக்கத்தில் சிக்கிப்போதல் எனக் கொள்ளலாம். ஒரே இடத்தில் புள்ளிபோலக் கருகியிருந்தால் காப்புக் கிழிவு அல்லது நீர் புகுதல் காரணமாகலாம். எனவே எரிந்த சுருளைப் பிரித்தெறியும் முன் அதனைப் பார்த்து எழுதி வைத்தல் வேண்டும். சுருளைப் பிரிக்கும் உளி சான்றினையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் முனையங்களில் மின்னழுத்தத்தை மட்டும் அளந்தால், அறுந்த முனையிலும் ஏறக்குறைய வழக்கமான அளவு காட்டும். சுழலும் மோட்டாரே அம்முனையில் மின்னழுத்தத்தை உண்டாக்குவது அதற்குக் காரணம். ஆகவே மின்னழுத்தத்தோடு நில்லாமல், மூன்று கம்பிகளிலும் மின்னோட்டத்தையும் அளக்க வேண்டும். ஒன்றில் சுழி காட்டினால் ஐயத்துக்கு இடமில்லை. இதே காரணத்தால், மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் தடுப்புக் கருவியை விட, மின்னோட்டத்தைப் பார்க்கும் ‘சிங்கிள் பேசிங்’ தடுப்புக் கருவி நம்பத்தக்கது.

ரிலேயின் அமைப்பிலும் ஒரு தவறு பரவலாக உள்ளது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்களில் ரிலே பெரும்பாலும் டெல்டாவின் உட்புறத்தில் இணைக்கப்படுவதால், அதனை முழு மின்னோட்டத்தில் 0.58 மடங்கிற்கு அமைக்க வேண்டும். மேற்கண்ட மோட்டாருக்கு இது ஏறக்குறைய 16 ஆம்பியர். பெயர்த் தகட்டில் உள்ளபடி 27 என்று அமைத்துவிட்டால், கம்பியில் 47 ஆம்பியர் பாயும் வரை ரிலே அசையாது. பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும், உண்மையில் இராது.

சமமற்ற மின்னழுத்தம்

மூன்று முனைகளும் இருந்தும் அவை சமமாக இல்லாதிருப்பது மற்றொரு கேடு. ஒரு தொழிற்கூடத்தில் முனைகளுக்கிடையே 415, 410, 390 வோல்ட் என அளவுகள் கிடைப்பதாகக் கொள்வோம். சராசரி 405, அதிலிருந்து மிகுந்த விலகல் 15, எனவே சமமின்மை 3.7 சதவீதம். இது சிறிதெனத் தோன்றலாம். ஆனால் மின்னோட்டத்தின் சமமின்மை இதைப் போல் ஆறு முதல் பத்து மடங்கு வரை இருக்கும். வெப்ப உயர்வில் ஏற்படும் கூடுதல் சதவீதம், சமமின்மைச் சதவீதத்தின் இருமடியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பது பொறியாளர் வழக்கிலுள்ள கணிப்பு. அதன்படி இங்கே வெப்ப உயர்வு 27 சதவீதம் கூடும். சமமின்மை 5 சதவீதத்தைத் தாண்டினால் மோட்டாரை இயக்குவதே தகாது.

வெப்பத்தின் விலை கடுமையானது. காப்புப் பொருளின் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டிய சுருள், 20 டிகிரி கூடுதல் வெப்பத்தில் ஐந்தே ஆண்டுகளில் முடிந்துவிடும்.

மின்னோட்டம் சமமாக இல்லாதபோது, குறை மின்வழங்கலிலா மோட்டாரிலா என்பதைத் தீர்மானிக்க எளியதொரு சோதனை உண்டு. மூன்று கம்பிகளிலும் மின்னோட்டத்தை அளந்து எழுதிய பின், மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டாரின் மூன்று இணைப்புகளையும் ஒரு படி வரிசை மாறாமல் நகர்த்தி இணைக்க வேண்டும். சுழலும் திசை மாறாது. மீண்டும் அளக்கும்போது, மிகை மின்னோட்டம் அதே வழங்கு கம்பியிலேயே நின்றால் குறை மின்வழங்கலில் உள்ளது. அது மோட்டாரின் இணைப்போடு சேர்ந்து நகர்ந்தால் குறை மோட்டாரில் உள்ளது. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் குறைகூறும் வழக்கினை இச்சோதனை சில நிமிடங்களில் தீர்த்து வைக்கும்.

மின்காப்பினை அளத்தல்

415 வோல்ட் மோட்டாரின் காப்பினை 500 வோல்ட் மெக்கர் கொண்டு அளப்பது வழக்கம். 1 மெகா ஓம் என்பது பழைய காலத்துக் கீழெல்லை. 1,000 வோல்ட்டுக்குக் குறைந்த இன்றைய சுருள்களுக்கு 5 மெகா ஓம் குறைந்தபட்சமெனக் கொள்ளப்படுகிறது. ஆயினும் ஓர் அளவைவிட அளவுகளின் போக்கே முக்கியமானது. முதலாண்டில் 200, அடுத்த ஆண்டில் 80, இவ்வாண்டில் 20 மெகா ஓம் எனக் காட்டும் மோட்டார் இன்னும் எல்லைக்கு மேலேதான் உள்ளது. ஆனால் அது எதை நோக்கிச் செல்கிறது என்பது வெளிப்படை. மழைக்காலத்தில் நெடுநாள் நின்றிருந்த மோட்டாரில் குறைந்த அளவு காட்டினால் அது ஈரமாக இருக்கலாம். உலர்த்திய பின் அளவு உயர்ந்தால் மோட்டாரைக் காப்பாற்றிவிட்டதாகக் கொள்ளலாம். அளக்காமல் மின்சாரம் கொடுத்தால் அதே ஈரம் சுருளை அழித்துவிடும்.

மெக்கருக்கும் எல்லையுண்டு. சுருளுக்கும் உடற்பகுதிக்கும் இடையேயுள்ள காப்பினையே அது அளக்கும். ஒரே சுருளின் அடுத்தடுத்த சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் மெக்கர் ‘நலம்’ என்றே காட்டும். மூன்று சுருள்களின் மின்தடையையும் நுட்பமாக அளந்து ஒப்பிடுதல், மின்னோட்டச் சமமின்மையைப் பார்த்தல் ஆகியவற்றாலேயே அக்குறையை உணர முடியும்.

பளுவைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியே ஓட்டிப் பார்ப்பதும் பயனுள்ளது. தனியே அமைதியாக ஓடி, பளுவோடு மட்டும் திணறினால் பழுது பம்பிலோ, பெல்ட்டிலோ, பேரிங்கிலோ இருக்கலாம். பளு ஏறும்போது மின்னோட்டம் சீராக ஏறி இறங்கி ஊசலாடி, ஒலியும் அதற்கேற்பக் கூடிக் குறைந்தால், சுழலியின் கம்பிகள் உடைந்திருக்கலாம் என ஐயுற வேண்டும்.

மின்னணு இயக்கிகள்

ஒரு காலத்தில் வேகத்தை மாற்ற வேண்டிய இடங்களில் நேர்மின் மோட்டார்களே இருந்தன. 1957-இல் தைரிஸ்டர் தோன்றிய பின் அவற்றை மின்னணு முறையில் கட்டுப்படுத்துவது எளிதாயிற்று. 1980-களுக்குப் பின் வளர்ந்த ஐ.ஜி.பி.டி. என்னும் திறன் டிரான்சிஸ்டர்கள், சாதாரணத் தூண்டல் மோட்டாரின் வேகத்தையே அதிர்வெண்ணை மாற்றிக் கட்டுப்படுத்த வழி செய்தன. வி.எஃப்.டி. என வழங்கப்படும் இவ்வியக்கி இன்று சிறு தொழிற்கூடங்களிலும் காணப்படுகிறது. விசிறி, பம்பு ஆகியவற்றின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அவற்றுக்கு வேண்டிய மின்திறன் ஏறக்குறைய 51 சதவீதமாகக் குறைகிறது என்பதே இதன் கவர்ச்சி.

இதில் மூன்று பகுதிகள் உள்ளன. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதி. அதனைத் தேக்கி வைக்கும் மின்தேக்கிகள். நேர்மின்சாரத்தை வேண்டிய அதிர்வெண்ணில் மீண்டும் மாறுமின்சாரமாக்கும் பகுதி. 415 வோல்ட் வழங்கலில் நடுப்பகுதியின் மின்னழுத்தம் 560 முதல் 590 வோல்ட் வரை இருக்கும். இவ்வளவு மின்னழுத்தம் தேங்கியிருக்கும் பெட்டி என்பதை எப்போதும் நினைவில் கொள்ள வேண்டும்.

இயக்கி நின்றுவிடும்போது அதன் திரையில் ஒரு குறியீடு தோன்றும். குறியீடு அறிகுறியையே கூறும், காரணத்தைக் கூறாது. மிகை மின்னோட்டம் என்று காட்டினால், அது எப்போது தோன்றியது எனப் பார்க்க வேண்டும். வேகம் ஏறும்போது எனில் ஏறும் நேரம் மிகக் குறைவாக அமைந்திருக்கலாம், அல்லது பளு சிக்கியிருக்கலாம். மின்சாரம் கொடுத்தவுடனே எனில் இயக்கியின் உள்ளேயே பழுது இருக்கலாம். மோட்டார்க் கம்பிகளைக் கழற்றிவிட்டு இயக்கியை மட்டும் இயக்கிப் பார்த்தால், குறை இயக்கியிலா, கம்பி மற்றும் மோட்டாரிலா என்பது விளங்கும்.

நிறுத்தும்போது மிகை மின்னழுத்தம் என்று காட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. கனமான பளு வேகம் குறையும்போது மோட்டார் தற்காலிகமாக மின்னாக்கியாக மாறி, ஆற்றலை மின்தேக்கிகளுக்குத் திருப்பி அனுப்புகிறது. நிறுத்தும் நேரத்தைக் கூட்டுவதோ, தடுப்பு மின்தடையைப் பொருத்துவதோ இதற்குத் தீர்வாகும். வெப்ப மிகுதி என்று காட்டினால் முதலில் விசிறியையும் தூசியையும் பார்க்க வேண்டும். பஞ்சு பறக்கும் நூற்பாலையிலும், மாவு பறக்கும் ஆலையிலும் பழுதின் பெரும்பகுதி வடிகட்டியிலேயே இருக்கும்.

இயக்கிகளைப் பொறுத்தவரை செய்யத் தகாதவை சில உண்டு. இயக்கி இணைந்திருக்கும்போது மோட்டாரை மெக்கரால் சோதித்தலாகாது. அச்சோதனை மின்னழுத்தம் டிரான்சிஸ்டர்களைச் சிதைத்துவிடும். திறன் காரணியை உயர்த்தும் மின்தேக்கிகளை இயக்கிக்கும் மோட்டாருக்கும் இடையே இணைத்தலாகாது. பழைய மோட்டாருடன் நீண்ட கம்பியில் இயக்கியைப் பொருத்தினால், அலைகள் எதிரொலித்து மோட்டார் முனையங்களில் நடுப்பகுதி மின்னழுத்தத்தைப் போல் இரு மடங்கு வரை உச்சங்கள் தோன்றக்கூடும். தகுந்த வடிகட்டி தேவை. குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகவே சுழலும். தனி விசிறி வேண்டியிருக்கும். கிடங்கில் ஓராண்டுக்கு மேல் கிடந்த இயக்கிக்கு ஒரேயடியாக முழு மின்னழுத்தம் கொடுக்காமல், தயாரிப்பாளர் கூறும் முறைப்படி மின்தேக்கிகளைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். அரசுக் கிடங்குகளில் மாற்றுக் கருவிகளை வாங்கி அடுக்கி வைப்பவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

பொருளாதார நோக்கு

மேலே கூறிய 15 கிலோவாட் மோட்டார் 80 சதவீதப் பளுவில், 90 சதவீதச் செயல்திறனுடன் ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடுவதாகக் கொள்வோம். அது 80,000 அலகு மின்சாரத்தைச் செலவிடும். அலகு ஒன்றுக்கு 8 ரூபாய் எனக் கணக்கிட்டால் ஆண்டுச் செலவு 6,40,000 ரூபாய். மோட்டாரின் விலை இதில் ஒரு சிறு பங்கே. கவனமின்றிச் செய்யப்பட்ட ரீவைண்டிங்கால் செயல்திறன் 88 சதவீதமாகக் குறைந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 அலகு, அதாவது 14,500 ரூபாய் அளவுக்குக் கூடுதல் செலவாகும். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ‘பழுது’ என்ற தலைப்பில் இச்செலவு எழுதப்படுவதில்லை.

ரீவைண்டிங் தன்னளவில் தவறானதன்று. முறையாகச் செய்யப்பட்டால் செயல்திறன் குறையாது காக்கலாம். பழைய சுருளைத் திறந்த நெருப்பில் எரித்து எடுப்பதும், மெல்லிய கம்பியைப் பயன்படுத்துவதும், சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றுவதுமே கேடு விளைவிப்பவை. நெருப்பு, இரும்புத் தகடுகளுக்கு இடையேயுள்ள காப்பினை அழித்து நிரந்தர இழப்பை உண்டாக்குகிறது. பலமுறை எரிந்த சிறு மோட்டாரை மீண்டும் கட்டுவதைவிட, ஐ.எஸ். 12615 தரத்திலான உயர் செயல்திறன் மோட்டாரை வாங்குவதே பல நேரங்களில் சிக்கனமாகும். குறைந்த விலைப்புள்ளியை மட்டும் நோக்கும் கொள்முதல் முறை, மோட்டாரின் வாழ்நாள் செலவையும் சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும்.

பயிற்சியும் பதிவேடும்

1937-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மோட்டாரை உருவாக்கிக் காட்டினர். அன்றிலிருந்து நாடு மோட்டார் தயாரிப்பில் நெடுந்தொலைவு முன்னேறியுள்ளது. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் எண்ணற்ற எலக்ட்ரீஷியன்களை உருவாக்கியுள்ளன. ஆயினும் இணைப்புக் கொடுக்கக் கற்பிக்கும் அளவுக்குப் பழுதின் காரணத்தை ஆராயக் கற்பிப்பதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் எரிந்த சுருள்களை வகைவாரியாகக் காட்சிக்கு வைத்து, ‘இது ஏன் எரிந்தது?’ என்று மாணவரைக் கேட்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

தொழிற்கூடங்களில் வேண்டுவது ஒரு பதிவேடு. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பக்கம். மாதந்தோறும் மூன்று மின்னோட்ட அளவுகள், மின்னழுத்த அளவுகள். ஆண்டுதோறும் காப்பு அளவு. பழுது நேர்ந்த நாள், கண்ட சான்று, முடிவு செய்த காரணம். ஒரே மோட்டாரின் பெயர் ஓராண்டில் இருமுறை தோன்றினால், மூன்றாவது ரீவைண்டிங்கிற்கு ஒப்புதல் தரும் முன், காரணம் கண்டறியப்பட்டதா என அதிகாரி கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி, செப்புக் கம்பியையும், மின்சாரத்தையும், தொழிலாளியின் வேலை நாட்களையும் ஒருங்கே காக்கும். இருக்கும் இயந்திரங்களை நிற்காமல் ஓடச் செய்வதும் புதிய முதலீட்டுக்கு இணையான உற்பத்திப் பெருக்கமே என்பதைத் திட்டமிடுவோரும் மாணவரும் மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.